அம்மா நிறுத்திய மாத்திரை

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடந்து சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிற அளவுக்குச் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற அந்தச் சின்ன ஆளும் எப்படி இருக்கிறீர்களோ என்ற நினைப்போடுதான் தினமும் கண் விழிக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும், 'சாப்பிட்டியா, அங்க குளிரா, சரி இரு அம்மாகிட்ட குடுக்கிறேன்' என்பதற்கு மேல் என் வாயிலிருந்து எதுவும் வராது, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஒரு விஷயம் கேட்க வேண்டும். சொல்வதற்கு உன் அம்மா சரி என்றுவிட்டாள். கேட்பதற்குத்தான் தயக்கமாக இருக்கிறது, அதைத் தள்ளித் தள்ளிக் கடைசியில்தான் எழுதுவேன், நீ பொறுமையாகப் படித்துக்கொண்டு வா.

முதலில் வீட்டுச் சேதி. மாடி வீட்டுக்காரர் குளியலறையில் ஓடு மாற்றுகிறேன் என்று ஆரம்பித்ததிலிருந்து நம் கூடத்துக் கூரையில் ஒரு ஈரக் கறை, பார்ப்பதற்கு யானை மாதிரி இருக்கிறது, பிளம்பர் வீட்டிலேயே ஒழுகுகிறது என்று தெருவில் எல்லோருக்கும் சிரிப்பு. உன் சித்தி காலை நடைக் கூட்டம் ஒன்றில் சேர்ந்து அதற்குத் தலைவியும் ஆகிவிட்டாள். பால் விஷம், சர்க்கரை விஷம், மாத்திரை எல்லாமே விஷம் என்கிறாள், நம் வீட்டுக்கு வந்தால் மட்டும் டீயில் சர்க்கரை பத்தவில்லை என்று திரும்பக் கேட்கிறாள். என் இடது முழங்கால் மாடிப்படி ஏறும்போது சத்தம் போடுகிறது, வலி இல்லை, சத்தம் மட்டும்தான். அவ்வளவுதான் சேதி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அம்மா காலையில் டீயோடு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாளே, அதைப் பற்றித்தான். நீ கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது ஆரம்பித்தது அது. ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு இன்னொரு ஷூவைக் கையில் வைத்தபடி கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாளே, பஸ் டிப்போவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும் எழவில்லையே, நீ விடுதியிலிருந்து ஓடி வந்து அவள் காலடியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிவிடப் பார்த்தாயே, அந்த சமயம். என்ன காரணம், என்ன காரணம் என்று கேட்காதவர்கள் இல்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. மனச்சோர்வு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார், சில வாரங்களில் எழுந்தாள், குளித்தாள், பஸ்ஸை எடுத்தாள். அந்த மாத்திரையை நான் எந்தக் காலத்திலும் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாமல் போயிருந்தால் இந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் இல்லை. அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன, அது பல் தேய்ப்பது மாதிரி ஒரு வழக்கமாகிவிட்டது, அவள் போட்டுக்கொள்கிறாளா என்று நானும் பார்ப்பதில்லை, இன்னும் வேண்டுமா என்று டாக்டரும் கேட்பதில்லை.

நீ மாசமாக இருக்கிறாய் என்று போன் பண்ணிச் சொன்னாயே, அன்றைக்கு உன் அம்மா 'ரொம்ப சந்தோஷம் கண்ணு' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள், ஞாபகம் இருக்கும். நான் இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் போய் மிச்சமிருந்த பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். என்ன இது என்று பக்கத்தில் போய் நின்றேன். கையில் நுரையோடு என்னிடம் சொன்னாள், 'சந்தோஷம்னு சொன்னேன். சந்தோஷந்தான்னு எனக்குத் தெரியுது. ஆனா வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு வெளியே பெய்யிற மழையப் பாக்கிற மாதிரி இருக்குங்க, ஒரு சொட்டு மேல படல' என்றாள். அவள் அண்ணன் இறந்தபோதும் அப்படித்தான் இருந்தாள், வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல். கல் மனசு என்று அன்றைக்கு ஒருத்தி காதுபடச் சொன்னாள். அதை இவள் இத்தனை நாளாக உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நீ போன் பண்ணிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 'பேரப்புள்ளயத் தூக்கும்போதும் இப்படியே மரம் மாதிரி நிப்பேனா' என்று கேட்டாள். போகப் போகச் சரியாகிவிடும் என்று பொதுவாக ஏதோ சொன்னேன்.

அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ, மனசு இப்படி மரத்துப்போனதற்கு மாத்திரைதான் காரணம் என்று அவளாகவே முடிவு கட்டி அதை நிறுத்திவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, டாக்டரிடம் கேட்கவில்லை. உன் சித்திக்கு மட்டும் தெரியும், அவளுக்கு ஒரே குஷி, 'அப்பாடா, இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு' என்றாளாம். அவள் மேல் கோபப்படாதே, அக்கா மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதல் இரண்டு மூன்று நாள் அம்மா ரொம்பத் தெளிவாக இருந்தாள், பாட்டு முணுமுணுத்தாள், எனக்கும் நல்லதாகவே பட்டது. அப்புறம் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. விடிந்து எழும்போது தலையணை ஈரமாக இருக்கும் அளவுக்கு வியர்வை. கனவு என்றால் அப்படி ஒரு கனவு, காலையில் டீ ஆறிப்போகும் வரை சொல்லிக்கொண்டிருப்பாள், எல்லாவற்றிலும் பஸ்ஸில் ஸ்டியரிங் மட்டும் இருக்காது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று என்மேல் பாய்ந்தாள், 'ஊர்க் குழாயெல்லாம் சரி பண்ணத் தெரியுது, இத ஒண்ணு சரி பண்ணத் தெரியலயா' என்று கத்தினாள், கத்தி முடித்த அடுத்த நிமிஷம் அழுதாள். இத்தனை வருஷத்தில் குரல் உயர்த்தாத மனுஷி. டிப்போவில் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர், தெரியுமா, ஹாரனையே தொடாமல் ஓட்டுவதால் கிண்டலுக்கு வைத்த பெயர் அது.

அதோடு இன்னொன்றையும் கவனித்தேன். திரும்பிப் பார்க்கும்போது நடுவில் ஒரு கணம் நின்றுவிடுவாள், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி. என்ன என்றால் ஒன்றுமில்லை என்பாள். பிற்பாடுதான் சொன்னாள், கண்ணை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்பும்போதெல்லாம் தலைக்குள்ளே மின்சாரம் அடிக்கிற மாதிரி ஜிவ்வென்று ஒன்று ஓடுமாம், ஸ்விட்சை யாரோ அணைத்துப் போடுகிற மாதிரியாம், வலிக்காதாம், ஆனால் அந்த ஒரு நொடி தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதாம். நீயே யோசித்துப் பார், பஸ் ஓட்டுகிறவளுக்கு வேலையே கண்ணைத் திருப்புவதுதான். இடது கண்ணாடி, வலது கண்ணாடி, தலைக்கு மேல் கண்ணாடி. நாள் முழுக்க அவள் எத்தனை முறை அதை வாங்கியிருப்பாள், வாங்கிக்கொண்டே ஓட்டியிருப்பாள்.

ஒரு மதியம். நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் கழுவுதொட்டிக்கு அடியில் படுத்திருந்தேன், டிப்போ மேலாளர் கூப்பிட்டார். 'பதட்டப்படாதீங்க, வண்டிக்கு ஒண்ணும் ஆகல, ஆளுக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா நீங்க வந்தாத்தான் நல்லது' என்றார். பதட்டப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால் பதட்டப்படாமல் என்ன செய்வது. கையில் பிடித்திருந்த ஸ்பேனரோடு அப்படியே ஓடினேன், அந்தப் பல் டாக்டருக்கு அன்றைக்குத் தண்ணீரே வந்திருக்காது பாவம். பெரிய ஆஸ்பத்திரி வளைவுக்கு முன்னால் பஸ் ஓரமாக நிற்கிறது, கதவுகள் திறந்திருக்கின்றன, பாதையோரம் பயணிகள் கூட்டமாக நின்று வாட்ச்சைப் பார்க்கிறார்கள். நடந்தது இதுதான். வளைவில் திரும்புவதற்காக இடது கண்ணாடியைப் பார்த்திருக்கிறாள், அந்த ஜிவ்வு வந்திருக்கிறது, திரும்பி முன்னால் பார்த்தபோது சாலை நகர்கிறதா வண்டி நகர்கிறதா என்று ஒரு கணம் புரியவில்லையாம். ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு குறுக்கே போயிருக்கிறாள், அவள் தூரத்தில்தான் இருந்தாள், எதுவும் நடக்கவில்லை, ஆனால் அந்தத் தள்ளுவண்டியைத் தான் பார்க்கவே இல்லை, அது தாண்டிப் போன பிறகுதான் பார்த்ததாக அம்மா சொல்கிறாள். உடனே வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், 'எல்லாரும் இறங்கிக்குங்க. வண்டி நல்லா இருக்கு. எனக்குத்தான் முடியல.' ஒரு ஆள் வேலைக்கு நேரமாகிறது என்று திட்டியிருக்கிறான். பழக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மாள் மட்டும் இறங்காமல், பின்னாலிருந்து முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் சும்மா கூடவே இருந்திருக்கிறாள். நான் போகிற வரை அந்தப் புண்ணியவதி அங்கேயே இருந்தாள்.

அம்மா ஸ்டியரிங்கை விடவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் திருப்பினால் மறுபடி வந்துவிடுமோ என்று. 'சாவிய நீங்க எடுத்துக்குங்க' என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வருகிற வழியில்தான் மாத்திரையை நிறுத்தியதைச் சொன்னாள். குட்டிம்மா, உன்னிடம் மறைக்க மாட்டேன், அந்தக் கணத்தில் எனக்கு வந்த பயத்தைப் போல என் வாழ்க்கையில் ஒரு பயம் வந்ததில்லை. பழையது திரும்பி வந்துவிட்டது, அந்த ஒற்றை ஷூ திரும்பி வந்துவிட்டது, இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன். வேலைக்குப் போகவில்லை. அவள் எழுந்தால் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். குளியலறைக்குப் போனால் வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன், இத்தனை வருஷம் குழாயோடு குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியும், ஆள் மேல் விழுகிற தண்ணீரின் சத்தம் வேறு, வெறும் தரையில் விழுகிற தண்ணீரின் சத்தம் வேறு. சத்தம் கொஞ்சம் மாறினாலும் கதவைத் தட்டுவேன். அவள் தூங்கியபோது ஸ்குரூடிரைவரை எடுத்து அந்தக் கதவின் உள்தாழ்ப்பாளையே கழற்றிவிட்டேன். சாயந்தரம் வந்து 'தாழ்ப்பாள் எங்க' என்றாள். துருப்பிடித்துவிட்டது, மாற்றப் போகிறேன் என்றேன். 'நான் சாகணும்னு நினைக்கலங்க. தலை சுத்துது, எரிச்சலா வருது, அழுகையா வருது. அது வேற, இது வேற. அது வந்தப்ப எனக்குக் கோபமே வரல, நெனப்பிருக்கா? இப்பப் பாருங்க உங்களக் கடிச்சுத் திங்கிற அளவுக்குக் கோபம் வருது' என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டவும் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். முன்னே மாத்திரை கொடுத்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது அங்கே இருப்பது ஒரு டாக்டரம்மா, நடுவயது, பேசும்போது பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அவர் அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. எப்போது நிறுத்தினாய், அதற்கு எத்தனை நாள் கழித்து ஆரம்பித்தது, முதலில் என்ன வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய வியாதி திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் மெல்ல, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் வரும், நிறுத்திய சில நாளிலேயே இப்படிச் சேர்ந்து வந்தது, அதிலும் அந்த மின்சார அடி, இது மாத்திரை திடீரென்று இல்லாமல் போனதால் உடம்பு படுகிற பாடாகத்தான் தெரிகிறது என்றார். குழாயைச் சட்டென்று அடைத்தால் சுவருக்குள் தண்ணீர் டம் டம்மென்று இடிக்குமே, அந்த மாதிரியா என்று கேட்டேன், கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சிரித்தார். அப்படியானால் உறுதியாக வியாதி இல்லைதானே என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, 'உறுதியா சொல்ல முடியாதுங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியலாம். பாத்துக்கிட்டேதான் இருக்கணும்' என்றார். பொய் சொல்லாமல் இருந்தார் என்பதற்காக அவரை மதிக்கிறேன், ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படித் தூங்குவது.

பழைய அளவையே திரும்ப ஆரம்பித்தார்கள். சில நாளில் அந்த ஜிவ்வு குறைந்து நின்றது, வியர்வையும் நின்றது. அம்மா அப்போதுதான் நேராகக் கேட்டாள், 'நான் வாழ்நாள் பூரா இதச் சாப்பிடணுமா, இல்ல நிறுத்த வழி இருக்கா?' வேண்டுமென்றால் முயற்சி பண்ணலாம், ஆனால் மெதுவாக, அளவு குறையக் குறைய இன்னும் மெதுவாக, அதற்கு ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும் என்றார் டாக்டரம்மா. மாத்திரையை உடைத்துக் குறைத்தால் அளவு சரியாக வராது என்று திரவமாகக் கொடுத்திருக்கிறார், ஊசி இல்லாத சிரிஞ்சில் அம்மா காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளப்பாள், நான் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். முதல் முறை குறைத்தபோது ஒரு வாரம் சிடுசிடுப்பு, அதோடு போயிற்று. இரண்டாம் முறை குறைத்தபோது மறுபடி தலைசுற்றல், அழுகை, மறுபடி முந்தின அளவுக்கே ஏற்றினார்கள். அன்றைக்கு அம்மா தோற்றுப்போன மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே தைரியமாகப் பேசினேன், ராத்திரி தூங்காமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

அந்த கிளினிக்கின் காத்திருப்பு அறையில் வாரம் தவறாமல் வருகிறவர்கள் சிலர் பழக்கமாகிவிட்டார்கள். தையல்காரப் பெண் ஒருத்தி, அவள் சில வாரத்தில் நிறுத்திவிட்டாள், 'எனக்கு ஒண்ணுமே ஆகலக்கா, லேசா வயித்தப் புரட்டுச்சு அவ்வளவுதான்' என்கிறாள். சரித்திர வாத்தியார் ஒருவர், நிறுத்திப் பார்த்து நிறுத்திப் பார்த்து மூன்று முறையும் மருந்துக்கே திரும்பியவர், வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே தலையில் அடிக்கும், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்கிறார். இன்னொருவர் ஓய்வு பெற்ற தபால்காரர், அவர் நிறுத்துவதே இல்லை என்று முடிவெடுத்துவிட்டார், 'மூக்குக் கண்ணாடியக் கழட்டி எறின்னு யாராச்சும் சொல்றாங்களா? இதுவும் எனக்கு அப்படித்தான்' என்று கால்மேல் கால் போட்டுச் சிரிக்கிறார். ஒரே மருந்து, ஒவ்வொரு ஆளிடம் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. இதில் உன் அம்மா எந்த ரகம் என்று போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். இப்போதைக்குப் பஸ்ஸை அவளிடம் கொடுப்பதில்லை, டாக்டரம்மா எழுதிக் கொடுக்கிற வரை பயணிகள் மறந்து விட்டுப்போன சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். குடைகள்தான் மலை மாதிரி. போன வாரம் ஒரு பெரியவர் தன் பல்செட்டைத் தேடி வந்தாராம், இருந்தது இரண்டு செட், எது தன்னுடையது என்று தெரியாமல் கவுண்டரிலேயே மாட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனாராம். அதைச் சொல்லும்போது உன் அம்மா சிரித்தாள் பார், நான் சிரிக்க மறந்துபோய், இது நல்ல சிரிப்பா, மறுபடி ஏதாவது ஆரம்பமா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நிலைமை இப்படி ஆகிவிட்டது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி கேட்க வேண்டியது. போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது 'ஒண்ணுமில்லப்பா, தூக்கம் கொஞ்சம் கம்மி, மத்தபடி எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்றாய். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை, போனை அம்மாவிடம் கொடுத்தேன். அவள் உன்னோடு பேசிவிட்டு வைத்தாள், வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். 'ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாடியும் மூச்சு எடுத்துக்கிட்டுப் பேசுறா. தலையத் திருப்பப் பயந்துக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. எனக்கு அந்தப் பேச்சு தெரியும்' என்றாள். நான் அதட்டினேன், உனக்கு எல்லாமே அப்படித்தான் தெரிகிறது என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை, மறுநாள் மாப்பிள்ளையின் அலுவலகத்துக்கே கூப்பிட்டுவிட்டேன். அவர் முதலில் மழுப்பினார், அப்புறம் அவரே உடைந்துபோனார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஊரில் தனியாக இருந்த முதல் குளிர்காலத்திலிருந்து நீயும் இதே மாதிரி ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாயாம், பிள்ளை உண்டானது தெரிந்த அன்றே அதைக் குப்பையில் போட்டுவிட்டாயாம், அங்கே உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயாம், காரணம் கேட்டால் அழுகிறாயாம். மாப்பிள்ளை மேல் கோபப்படாதே, என்னிடம் சொல்லக் கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாய், அவர் பயந்து போய்த்தான் சொன்னார், என்னைப் போலவே.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சொல்லாமல் மறைக்க எனக்குச் சாமர்த்தியம் பத்தாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 'ரெண்டு பேரும் ஒரே புள்ளைக்காக ஒரே காரியத்தப் பண்ணியிருக்கோம்' என்றாள். நீ பிள்ளைக்கு எந்தக் கெடுதியும் வரக் கூடாது என்று நிறுத்தினாய், இவள் அதைப் பார்த்து அழ வேண்டும் என்று நிறுத்தினாள். ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், ஒருத்தரையும் கேட்காமல். அதற்குப் பிறகு அவள் பதறவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நேராக டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டு வந்தாள். அவர் சொன்னது இது, மாசமாக இருக்கும்போது இதைத் தொடர்வதா விடுவதா என்பதை ஆளைப் பார்த்து, எந்த மருந்து, எவ்வளவு, முன்னே எப்படி இருந்தது என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும், இங்கிருந்து அவரால் சொல்ல முடியாது, ஆனால் அங்கே உன் டாக்டருக்குத் தெரியாமல் இருக்கவே கூடாது, அதுவும் உடனே தெரிய வேண்டும். இன்னொன்றும் சொன்னார், பயந்துகொண்டு நீயாகவே பழைய மாத்திரையை வாங்கித் திரும்ப ஆரம்பிக்கவும் கூடாது. பிரசவத்துக்குப் பிறகு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும் என்றார். நீ தப்புப் பண்ணிவிட்டாய் என்று யாரும் இங்கே சொல்லவில்லை, அம்மாவும் அதையே செய்தவள், உன் நிலை தெரிந்துதான் பேசுகிறாள். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் ஒரு வீட்டுக்குள்ளே ஒரு ஆளைக் காவல் காத்தேன், கதவுக்கு வெளியே நின்றேன், சத்தம் கேட்டேன். உன் வீட்டுக் கதவுக்கு வெளியே நான் எப்படி நிற்பது, சொல்.

அதனால் அம்மா ஒரு முடிவெடுத்திருக்கிறாள். பிரசவ சமயத்தில் வருவதாக இருந்ததை மாற்றி, டிக்கெட் கிடைக்கிற முதல் நாளிலேயே புறப்படுகிறாள். தன் மருந்தைக் குறைப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறாள், இருக்கிற அளவிலேயே இருந்துகொண்டு வருகிறாள், டாக்டரம்மாவும் அதுதான் சரி என்றார். நான் போகாதே, உனக்கே சரியில்லை, வழியில் ஏதாவது ஆனால் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். 'எனக்கு முழுசாச் சரியானப்புறம்தான் போகணும்னா அவ தனியாத்தான் இருக்கணும்' என்றாள். அங்கே வந்து உன்னைக் காவல் காக்கவோ புத்தி சொல்லவோ மாட்டாள், அதையும் என்னிடம் சொல்லிவிட்டாள். டாக்டரிடம் கூட வருவாள், உனக்குச் சொல்ல வராததை அவள் சொல்வாள், அவள் பாஷை அங்கே புரியாவிட்டால் நீ மாற்றிச் சொல்.

ஆனால் அவள் வருகிற வரை காத்திருக்காதே கண்ணு. சீக்கிரம் வந்து சேரட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன், இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. என்ன மாத்திரை, எத்தனை காலம், என்றைக்கு நிறுத்தினாய், நிறுத்திய பிறகு என்னவெல்லாம் வருகிறது என்று ஒன்று விடாமல் சொல். வண்டி ஓட்டாதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. ராத்திரி தூக்கம் வராவிட்டால் மாப்பிள்ளையை எழுப்பு, அவர் எழுந்திருப்பார், எழுந்திருக்கத்தான் காத்திருக்கிறார். எப்போதாவது உன் தலைக்குள் வேண்டாத நினைப்பு ஏதாவது வந்தால் அந்த நிமிஷமே யாரிடமாவது வாய் விட்டுச் சொல், பொழுது விடியட்டும் என்று வைத்திருக்காதே.

நீயும் உன் பிள்ளையும் உடம்பாலும் மனசாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், உன் வயிற்றில் இருப்பது ஆணோ பெண்ணோ நல்லபடியாக வெளியே வந்து உரக்க அழ வேண்டும், மாப்பிள்ளை நீண்ட ஆயுசோடு உனக்குத் துணையாக இருக்க வேண்டும், இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடுவேன். பேச முடியவில்லை என்றால் பேசாதே, அழுகை வந்தால் அழு, நான் இந்தப் பக்கம் இருப்பேன். போனை மட்டும் எடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா